கேன்டீனுக்கு நான் சொன்ன பொய்

என் தங்க மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தம்பி மூவரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, மாடி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். தம்பி கணக்கில் தேறிவிட்டான், எப்படித் தேறினான் என்று அவனுக்கே ஆச்சரியம். ஃபோன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நாலு தடவை ஃபோனில் சொல்லப் பார்த்தேன், நாலு தடவையும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

போன மாதம் உன் கல்லூரிக் கேன்டீனில் பாத்திரம் கழுவும் பகுதிநேர வேலைக்கு எழுதிக் கொடுத்தாய், திங்கட்கிழமை வரச் சொன்னார்கள் என்று துள்ளினாய், பிறகு ஏனோ வேண்டாமென்று விட்டார்கள் அல்லவா, அதைக் கெடுத்தவன் நான்தான். படிவத்தில் என் நம்பரை எழுதியிருந்தாய். கேன்டீனைப் பார்த்துக்கொள்ளும் அம்மா என்னைக் கூப்பிட்டு, பொண்ணு வேலைக்கு வர்றதுல உங்களுக்குச் சம்மதம்தானே, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே என்று விசாரித்தார். அவளுக்கு இளைப்பு இருக்கு, ஈரத்துல நின்னா மூச்சு வாங்கும், வேண்டாங்க என்று சொல்லிவிட்டேன். குத்துக்கல்லாட்டம் இருக்கிற பிள்ளைக்கு இளைப்பாம்! சாயங்காலம் நீ ஃபோனில் அழுதபோது, விடும்மா, இதைவிட நல்லதா கிடைக்கும் என்று வேறு தேற்றினேன்.

ஆஸ்பத்திரி சமையல்கூடத்தில் நான் மேற்பார்வையாளன் என்றுதானே உனக்குச் சொல்லியிருக்கிறேன். பத்தொன்பது வருஷமாக அங்கே நான் தட்டுதான் கழுவுகிறேன். இஸ்திரி போட்ட சட்டையோடு போவேன், அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ரப்பர் ஏப்ரன் கட்டிக்கொள்வேன். அம்மாவுக்குத் தெரியும், அவள் வாயை அடைத்தது நான். என் விரலிடுக்கு வெடிப்பை அலர்ஜி என்று சொல்லிவந்தேனே, நீயும் தொட்டியில் கை வைத்தால் அது என்னவென்று ஒரே மாதத்தில் கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்துவிட்டேன். என் வேஷத்தைக் காப்பாற்ற உன் வேலையில் மண்ணைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நீ, தட்டு கழுவக்கூட நான் லாயக்கில்ல போலப்பா என்று சிரித்தாய். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. மறுநாள் அந்தக் கேன்டீன் அம்மாவைக் கூப்பிட்டு என் பிழைப்பு உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இத்தனை வருஷம் செஞ்ச வேலை உங்களுக்கே கேவலமா இருக்கா என்று கேட்டார். புதன், வெள்ளி மதியத்துக்கு ஆள் வேண்டுமாம், ஆனால் அவராக உன்னைக் கூப்பிடமாட்டாராம். நடந்ததை நானே உன்னிடம் சொல்லி, அதற்குப் பிறகு நீயாக வந்து கேட்டால் எடுத்துக்கொள்வாராம். அங்கே யாரும் உன்னை வேண்டாமென்று சொல்லவில்லை அம்மா, சொன்னது உன் அப்பன்தான்.

கோபம் தீரும்வரை என்னோடு பேச வேண்டாம், அம்மாவோடு பேசு. போவதானால், கையை ஈரம் போகத் துடைத்துவிட்டுக் கையுறை போடு. கத்தியை நுரைக்குள் போட்டுவைக்காதே, கண்ணுக்குத் தெரியாது. அடிப்பிடித்ததை முதலில் ஊறவை, சுரண்டி மல்லுக்கட்டாதே. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும், இத்தனை நாள் உனக்குச் சொல்லத்தான் வாய் வரவில்லை. நீ நூறு வயசு நல்லபடியாக, யாருக்கும் எதையும் ஒளிக்க வேண்டாதவளாக வாழணும்.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்கும் உன் அப்பா