முட்டைக்கு வர்ணம் பூசும் நாள்

நிக்கோசியா, சைப்ரஸ்
21.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் அத்தானும் என் கிருஷிக்குட்டியும் நலமா? போனில் உங்கள் முகங்களைப் பார்த்தாலே எனக்கு அழுகைதான் வருகிறது, பேச்சு வருவதில்லை. கிருஷியும் போனை உங்கள் கையில் திணித்துவிட்டு ஓடிவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். அவளைப் பக்கத்தில் வைத்து வாசித்துக் காட்டுங்கள்.

கிருஷி, அம்மாவுக்கு லீவு கிடைத்துவிட்டது! அம்மா வேலை செய்கிற மேடம் வீட்டார் ஈஸ்டருக்கு அவர்களுடைய ஊருக்குப் போகிறார்கள். நீயும் போய் உன் பிள்ளையைப் பார்த்துவிட்டு வா என்று மேடமே சொன்னார். ஈஸ்டருக்கு நான் உன்னோடு நிற்பேன். இரண்டு பேருமாக முட்டைக்கு வர்ணம் பூசுவோம். முதலில் பெஸ்டல் கலர்க் குச்சியால் முட்டையில் உன் இஷ்டத்துக்குக் கிறுக்க வேண்டும். பிறகு வெங்காயத் தோல் அவித்த தண்ணீரில் போட்டால், கிறுக்கின இடத்தில் மட்டும் நிறம் பிடிக்காது. மாயம் மாதிரி இருக்கும்.

அக்கா, இதை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். போன வருஷம் மேடத்தின் சின்ன மகன் மூக்கை வர்ணத்தில் தோய்த்து முட்டையில் முத்திரை குத்தினான். எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் பாத்ரூமுக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அன்புத் தங்கை,
அனுஷியா

---

குண்டசாலை
18.02.2024

அன்புத் தங்கச்சி அனுஷியாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசிக்கிறாள், பார்க்க ஆயிரம் கண் வேண்டும், கேட்க ஆயிரம் காதும் வேண்டும்.

ஏன்டி அந்த முட்டைக் கதையை எழுதினாய்? வீடு வீடாக இல்லை. வெண்டைக்காய்க் காம்பை நறுக்கி மஞ்சளில் தோய்த்துக் கொடுத்தேன், பூப்பூவாகப் பதியும் என்று. பதிந்தது முட்டையில் அல்ல, உன் அத்தான் மாநகர சபை வேலைக்குப் போட்டுப்போகிற வெள்ளைச் சட்டையில். மனுஷன் கத்தப்போகிறார் என்று பயந்தால், "விடு அன்னம், பூ நல்லாத்தானே இருக்கு" என்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் இவ்வளவு சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை.

இன்னொரு விஷயம். அவளுடைய நர்சரி கன்னியர் மடத்துச் சிஸ்டர்மார் நடத்துவதல்லவா? ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமை அம்மாமார் வந்து பிள்ளைகளோடு முட்டைக்கு வர்ணம் பூச வேண்டுமாம். கிருஷி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். திகன பஸ் கொண்டக்டரிடம்கூட, "எங்க அம்மா பெயின்ட் அடிக்க பிளேன்ல வர்றாங்க" என்றாள். நாம் கோயிலுக்குப் போகிற ஆட்கள், ஈஸ்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நீ வந்து அவளோடு உட்கார்ந்தால் போதும்.

அன்புடன் அக்கா,
அன்னலட்சுமி

---

நிக்கோசியா
25.03.2024

அக்கா,

நேற்று போனில் கிருஷி, "அம்மா, பிளேன்ல ஏறிட்டீங்களா? புதன்கிழமை வந்துருவீங்கதானே?" என்று கேட்டபோது, "இன்னும் ஒரு மாசம் இருக்கேடா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

மேடத்திடம் ஓடிப்போய்க் கேட்டேன். இவர்கள் வேறு சபையாம், நாள் கணக்கும் வேறாம். இவர்களுடைய ஈஸ்டர் இந்த வருஷம் மே மாதம்தானாம். கிறிஸ்மஸ் மாதிரி உலகத்துக்கெல்லாம் ஒரே நாள் என்று நினைத்தேன், நான் ஒரு முட்டாள். டிக்கெட் ஏப்ரல் கடைசிக்கு. முன்னாலேயே விடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். தன் மாமியாருக்கு ஒப்பரேஷன், இப்போது விட முடியாது என்கிறார்.

இது உங்கள் கைக்கு வரும்போது அந்த நாள் முடிந்திருக்கும். போனில் சொன்னதைத்தான் மறுபடி எழுதுகிறேன். எனக்குப் பதிலாக நீங்கள் போய் உட்காருங்கள். அவள் தனியாக இருக்கக் கூடாது.

அனுஷியா

---

குண்டசாலை
28.03.2024

அன்புள்ள அனுஷியாவுக்கு,

நேற்று போனேன். வழியெல்லாம் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே வந்தாள். வகுப்பில் புதிதாக மாற்றலாகி வந்த சிஸ்டர் ஒருவர், "கிருஷிகா, அம்மா வரலையா?" என்று கேட்டார். கிருஷி என் விரலைப் பிடித்துக்கொண்டு, "இவங்கதான் எங்க அம்மா" என்றாள்.

நான் மறுக்கவில்லை.

பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கையெல்லாம் சாயம், என் கன்னத்திலும் சாயம். திரும்பும்போது ஓட்டோவில், "ஏன் கண்ணு அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் அம்மா வந்தாங்க. எனக்கும் வரணும்ல?" என்றாள்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். அவள் அப்படிச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சாமி அறையில் இருந்து அழுதேன். நீ சீக்கிரம் வந்துவிடு. நாள் போகப் போக உன் பிள்ளையை உன்னிடம் கொடுக்க எனக்கு மனம் வராமல் போய்விடும் போலிருக்கிறது.

அக்கா

---

நிக்கோசியா
02.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன்.

நான் அங்கே நின்ற ஒரு மாதமும் கிருஷி எனக்கு எவ்வளவு மரியாதை கொடுத்தாள்! உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டாள். "டீ குடிங்க ஆன்ட்டி" என்றாள். காய்ச்சல் வந்தபோது என் மடியில் கிடந்துகொண்டே உங்களைத் தேடினாள். என்ன வாங்கிக் கொடுத்தும், எப்படிக் கொஞ்சியும் நடக்கவில்லை.

எயார்போர்ட்டில் எனக்குக் கை காட்டிவிட்டு, "வீட்டுக்குப் போவோமா அம்மா?" என்று உங்களைக் கேட்டாள். நீங்கள் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தீர்கள். பயப்படாதீர்கள் அக்கா. வேலையை விட்டுவிட்டு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போகலாம் என்று விமானத்தில் வழியெல்லாம் யோசித்தேன். அப்படிச் செய்தால் அவளுக்கு இரண்டாம் முறையும் அம்மா இல்லாமல் போகும். ஒரு முறை நான் செய்ததே போதும்.

மேடத்திடம் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவள் உங்களை எப்படிக் கூப்பிடுகிறாளோ அப்படியே கூப்பிடட்டும், திருத்த வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னை ஆன்ட்டி என்று மட்டும் வேண்டாம், அக்கா. தாங்க முடியவில்லை. வேறு விதமாகச் சொல்லிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கிருஷியின் சித்தி
அனுஷியா