பென்சிலில் எழுதிய அளவு

செப்டம்பர் 30, திங்கள்

காலை 5.40. பெட்ரோல் டேங்க் 81.3 சென்டிமீட்டர். நேற்றுப் பூட்டும்போது 81.0. தண்ணீர் பார்க்கும் பசை நிறம் மாறவில்லை. டீசல் சரி.

பூட்டிக் கிடந்த டேங்கில் பெட்ரோல் எப்படிக் கூடும்? அளவுக் கம்பைத் துடைத்து இன்னொரு தடவை விட்டேன். அதே 81.3. அத்தானிடம் சொன்னதற்கு, "கம்பு சரிஞ்சிருக்கும் நாயகி. சரிஞ்சா கூடத்தான் காட்டும். நேத்தையதையே போடு" என்றார். கம்பெனி ரிஜிஸ்டரில் பேனாவால் 81.0 என்று எழுதினேன். கம்பு காட்டியது இங்கே பென்சிலில் இருக்கிறது. இருக்கட்டும்.

அத்தானுக்குக் கண்ணில் புரை விழுந்து, காலை அளவெடுப்பு என் கைக்கு வந்து இன்றோடு மூன்று வருஷம். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். அடர்த்தி அட்டவணையைப் பார்க்க யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு ஆடி மாசம் முழுக்க அடுக்களையில் வைத்து நானே படித்துக்கொண்டேன். குளித்து, விளக்கேற்றி, ஒரு பதிகம் சொல்லிவிட்டுத்தான் கம்பைத் தொடுவது. ஞானதாசன் கேலி செய்வான்: "அக்கா டேங்குக்கும் பூசை வைக்காவ." இருபத்தெட்டு வருஷமாக எங்கள் பம்பில் நிற்பவன், அந்தக் கேலிக்கு அவனுக்கு உரிமை உண்டு.

அக்டோபர் 3, வியாழன்

நவராத்திரி ஆரம்பம். கடலைச் சுண்டல்.

கம்பெனி ஆபீசர் வந்தார். போன மாசம் மாற்றலாகி வந்த இளவயசுக்காரர். நின்றபடியே சொன்னார்: நாலுவழிச் சாலை வந்தபின் இங்கே விற்பனை பாதியாகிவிட்டது. ரோட்டோர அகலமும் இப்போதைய விதிக்குப் போதாது. பெரிய குறை ஏதாவது ஒன்று வந்தால் இந்த இடத்துக்குப் புது டேங்க் தர மாட்டார்கள், மூடத்தான் செய்வார்கள். டேங்கின் அளவு காட்டும் பெட்டி இடி விழுந்து செத்து எட்டு மாசம் ஆகிறது, அதையாவது மாற்றித் தருவீர்களா என்று அத்தான் கேட்டார். "பார்க்கலாம் சார்" என்றார் ஆபீசர். அந்தப் 'பார்க்கலாம்' எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 4

மழை. 0.4 கூடுதல். பசை மாறவில்லை. ரிஜிஸ்டரில் நேற்றைய அளவு. "இப்பம் கூடுதல்னு எழுதினா அந்தப் பையன் நூறு கேள்வி கேப்பான்" என்கிறார் அத்தான்.

அக்டோபர் 6, ஞாயிறு

நல்ல வெயில். பின்பக்கத்து வயலில் கும்பப்பூ போக நெல் நடவுக்குத் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் மதில்வரை தண்ணீர்.

டீசல் பம்பு மாமனார் காலத்தது. சிவப்புச் சாயம் வெளுத்து ரோஜா நிறமாகிவிட்டது. எண்கள் உருளும், லிட்டருக்கு ஒரு மணி அடிக்கும். அடுக்களையிலிருந்தே சொல்வேன். இருபது மணி என்றால் ரப்பர் எஸ்டேட் ஜீப். ஐந்தில் நின்றால் டில்லர்காரன். எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஜெபமாலை உருட்டுகிறவர்கள் போல ஆகிவிட்டேன்.

இன்று மத்தியானம் ஒரு புதுக் கார். சுங்கான்கடைக்காரர்களாம். வழியில் எத்தனை பம்பு இருக்கிறது. எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு இவ்வளவு தூரம் வந்து, "முதல் பெட்ரோல் கைலாசநாதன் அண்ணாச்சி கையாலதான்" என்று அத்தான் முன்னால் நிற்கிறார்கள். எந்தச் சாமிக்கு நேர்ந்த வண்டியானாலும் சரி, பூதப்பாண்டி சுற்றுவட்டாரத்தில் அது வழக்கமாகிவிட்டது. ஞானதாசன் குழாயை வண்டிக்குள் வைத்துக் கொடுப்பான், அத்தான் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்று அழுத்துவார். பார்வை மங்கியதிலிருந்து அந்த நேரத்தில் மட்டும்தான் அவர் முதுகு நிமிர்கிறது. அதை எங்கேயும் எழுத முடியாது, இங்கே எழுதுகிறேன்.

அக்டோபர் 7

மழை. 0.6 கூடுதல். மூன்று தடவை கம்பு விட்டேன். கை சரியவில்லை. எனக்குத் தெரியும், சரியவில்லை.

பசை மட்டும் மாறவில்லையே. தண்ணீர் என்றால் சிவக்க வேண்டுமே.

அக்டோபர் 9, புதன்

லோடு வந்தது. நாலாயிரம் லிட்டர். தூறலில் இறக்கி, பெரிய மூடியை ஞானதாசன் இறுக்கினான். அளவுக் கம்பு விடும் சின்ன மூடி எப்போதும்போல் என் பொறுப்பு.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. இரண்டு பம்புக்கும் சந்தனம், பிச்சிப்பூ மாலை. கம்புக்கும் ஒரு பொட்டு வைத்தேன். பூட்டும்போது 118.4. இரவெல்லாம் மழைச் சத்தம்.

அக்டோபர் 12, விஜயதசமி

காலை 5.40க்கு 120.2. ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் கூடுதல். பசை மாறவில்லை. அத்தான், "இன்னைக்கு நாள் பாத்து விக்காம நிப்பாட்ட முடியுமா? பசை சொல்லுகதக் கேளு" என்றார். பேனாவால் 118.4 எழுதினேன்.

எழுதினேனே.

எட்டரைக்கு இஸ்ரவேல் வந்தான், ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டுகிறவன். மகள் அஜிஷா நர்ஸ். அவர்கள் வீட்டில் முதல் வண்டி. சர்ச்சில் ஜெபம் முடித்து நேரே இங்கே.

"அண்ணாச்சி, கைய வச்சுத் தாருங்க. பிள்ளைக்கு மொத வண்டி."

"மாமா, நெறய அடியுங்க. நைட் டூட்டி முடிச்சுட்டு நடுவழியில நிக்க வயசில்ல எனக்கு" என்று அவள் சிரித்தாள்.

"நெறச்சா தளும்பும் மக்கா. கழுத்துக்கு ஒரு விரல் கீழ நிறுத்துகேன்."

அரைமணி நேரம் கழித்து அப்பனும் மகளும் அந்த ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்கள். சானல் வாய்க்கால் பாலத்தில் நின்றுவிட்டது. மாலையும் பொட்டுமாக, புத்தம் புது வண்டி. இஸ்ரவேல் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பின்னால் வந்த ஆட்டோக்காரன்தான், "ராசிக் கையில இப்பம் மழைத்தண்ணியா வருகு?" என்றான். நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தான் சிரிப்பு வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, ஆள் தெரியாமல் நின்றார்.

மெக்கானிக் வண்டியிலிருந்து எடுத்ததைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் காட்டினான். மேலே பெட்ரோல். கீழே கலங்கல்.

'பெட்ரோல் இல்லை' அட்டை கட்டியாச்சு. கம்பெனிக்கும் சொல்லியாச்சு. அஜிஷா வண்டியைச் சுத்தம் செய்து, மெக்கானிக்கே வீட்டில் கொண்டுவிட்டான்.

எனக்கு 5.40க்கே தெரியும். எட்டரைக்கு அந்தப் பிள்ளை வரும்போதும் தெரியும். வாசலில் வந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன வந்தது? நாக்கு எங்க போச்சு?

அக்டோபர் 14, திங்கள்

ஆபீசர் வந்தார். பசை ட்யூபைப் பார்த்ததும், "அம்மா, இது பழசு. இப்போ வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு. தண்ணி அதோட சேர்ந்துடும், இந்தப் பசைக்குத் தெரியாது. புதுசு அனுப்பியிருந்தோமே" என்றார்.

அனுப்பியிருந்தார்கள். சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் உடைக்காமல் இருக்கிறது. பழையது தீரட்டும் என்று வைத்தவள் நான்தான். ட்யூபின் அடியைச் சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கி, ஒரு வருஷம் ஓட்டினேன். சிக்கனம்.

புதுப் பசை கம்பில் ஆறு சென்டிமீட்டருக்குச் சிவந்தது.

ரிஜிஸ்டரைப் புரட்டினார். ஒரு நாளும் கூடுதல் இல்லை. என் கையெழுத்து அழகாக இருக்கிறது. "அப்போ டேங்க் நல்லாதான் இருக்கு. ஒன்பதாம் தேதி லோடு இறக்கினபோது மூடி சரியா மூடல. மழை இறங்கியிருக்கு. மூடினது யாரு?"

"நாந்தான் சார்" என்றான் ஞானதாசன். "இறுக்கினேன்னுதான் நெனச்சேன். மழையில கை வழுக்கியிருக்கும்." சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தான். ஐம்பத்தெட்டு வயசு.

டேங்கைச் சுத்தம் செய்து ஒரு வாரத்தில் திறக்கலாமாம். ஆனால் கவனக்குறைவு என்று எழுதி அவனை வேலையிலிருந்து எடுக்க வேண்டும். அத்தான் பேசவில்லை. கதவுக்குப் பின்னால் நானும் பேசவில்லை. இரண்டு மூடிக்கும் சீல் வைத்துவிட்டு, நாளைக்கு அளவு பார்க்க மட்டும் என் மூடியின் சீலை உடைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பென்சில் அளவுகள் இந்த நோட்டில் இருக்கின்றன. 0.3, 0.4, 0.6. மூன்றும் லோடு வருவதற்கு முன்னால். ஞானதாசன் அந்த மூடியைத் தொடுவதற்கு முன்னால்.

அக்டோபர் 15, பிரதோஷம்

நேற்று மழை இல்லை. விற்பனை இல்லை. சீல் வைத்த டேங்க். 0.7 கூடியிருக்கிறது.

வயலில் தண்ணீர் நிற்கிறது. அது மண்ணுக்குள்ளாக வருகிறது. டேங்க் ஓட்டையாகிவிட்டது. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. சொன்னால் பம்பை மூடுவார்கள். சொல்லாவிட்டால் ஒரு வாரத்தில் திறப்போம், ஞானதாசன் கை வழுக்கியது என்று நம்பிக்கொண்டே வீட்டுக்குப் போவான், அடுத்த மழைக்கு இன்னொரு பிள்ளை இன்னொரு பாலத்தில் நிற்கும்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். சாமியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, எல்லாம் என் கையெழுத்திலேயே இருக்கிறது. வந்ததும் அத்தானுக்கு இந்த நோட்டை வாசித்துக் காட்டினேன். தேதி, அளவு. தேதி, அளவு.

கேட்டு முடித்து, "மூடிருவான்" என்றார்.

"தெரியும் அத்தான்."

"ஞானதாசனுக்கு வேற பம்புல சொல்லி ஒரு வேலை..."

"அவன் தன் கை வழுக்குச்சுன்னு அழுகான் அத்தான்."

பிறகு அவர் மேசையைத் தடவித் தடவிப் போனை எடுத்து என் பக்கம் நீட்டினார். "நேத்தையதையே போடுன்னு சொன்னது நான். அதையும் சேத்துச் சொல்லு." "எழுதினது என் கை" என்றேன். ஆபீசர் போனை எடுத்தார். சொல்லிவிட்டேன், முழுதும்.

அக்டோபர் 16

ஆபீசர் பென்சில் பக்கங்களை ஒவ்வொன்றாகப் போனில் படமெடுத்தார். "முதல்லயே இதை..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். பூவரசு மரத்தடியில் போய் நின்றார். திரும்பி வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஞானதாசன் மேல் எழுதியதைக் கிழித்துவிடுவதாகச் சொன்னார். பம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம்.

ஞானதாசனுக்கு என்மேல் கோபம். நான் எதிர்பார்க்காதது. "எம்மேலயே போட்டிருந்தா என்ன கொறஞ்சுபோச்சு அக்கா? நான் வீட்டுல இருந்திருப்பேன். பம்பு நின்னிருக்கும்லா." காப்பி கொடுத்தேன். குடிக்காமல் வைத்துவிட்டுப் போனான்.

அக்டோபர் 17

ஞானதாசன் வந்தான். "நேத்தைய காப்பி இருக்கா?" என்றான். புதிதாகப் போட்டுக் கொடுத்தேன்.

அக்டோபர் 31

தீபாவளி. மூட உத்தரவு நேற்று வந்தது. முந்திரிக்கொத்து செய்தேன், கொஞ்சம் கருகிவிட்டது.

நவம்பர் 21, வியாழன்

இரண்டு டேங்கையும் காலி செய்து மணல் நிரப்பினார்கள். டீசல் டேங்க் நல்லாத்தானே இருந்தது? இருந்தாலும் அதுதான் விதியாம். பெட்ரோல் டேங்குக்கு ஆறு டெம்போ, டீசலுக்கு ஐந்து. எண்ணினேன்.

அத்தான் வெளியே வரவில்லை. உள்ளே இருந்து, "என்ன செய்யுகாவ இப்பம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பழைய டீசல் பம்பைக் கயிறு கட்டி லாரியில் தூக்கும்போது உள்ளே எதுவோ அசைந்து ஒரு மணி அடித்தது. அத்தான், "ஒண்ணு" என்றார். எனக்கு அதுவரை தெரியாது, அவரும் இத்தனை வருஷமாக எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அன்றைக்கு ஏன் சொல்லிவிட்டேன் என்று ஒருதடவை நினைத்தேன். ஒரே ஒரு தடவை.

டிசம்பர் 2

ஞானதாசன் நாலுவழிச் சாலைப் பம்பில் சேர்ந்துவிட்டான். ஆபீசர்தான் அங்கே சிபாரிசு சொன்னாராம். அங்கே எல்லாம் கம்ப்யூட்டர், கம்பே கிடையாது என்று சலித்துக்கொள்கிறான்.

டிசம்பர் 4

5.40க்கு எழுந்து, குளித்து, விளக்கேற்றி, பின்வாசல்வரை போய்விட்டேன். கம்பு தொங்கிய ஆணி மட்டும் இருக்கிறது.

ஜனவரி 13, திருவாதிரை

களி. ஏழுகறிக் கூட்டு.

பத்து மணிக்கு வாசலில் ஹாரன். அஜிஷா. கூட அவளோடு வேலை பார்க்கும் அபினா என்ற பெண், மாலை போட்ட புது ஸ்கூட்டரோடு. வழி தவறி வந்துவிட்டார்களோ, பம்பு மூடியது தெரியாதோ என்று நினைத்தேன். கேட்கவும் செய்தேன்.

"தெரியும் அத்தை. பெட்ரோல் நாங்க பைபாஸ்ல ஞானதாசன் அண்ணன்ட்ட அடிச்சுக்கிடுவோம். மாமா வண்டி டேங்க் மூடிய மட்டும் தொறந்து மூடித் தந்தா போரும்."

அத்தான் நாற்காலியிலிருந்து எழவில்லை. "என் கையால அடிச்சது உனக்கு நின்னுல்லா போச்சு மக்கா."

"நின்னுது. பொறவு இதுவரை நிக்கல்ல. எட்டு தடவ சர்வீசுக்குக் கேட்டாச்சு கம்பெனிக்காரன், நேரமில்லன்னுட்டேன், அவ்வளவு ஓட்டம்" என்றாள். அபினா, "ஏட்டி, பெரியவங்ககிட்ட பொய் சொல்லாத, ரெண்டு தடவ" என்றாள்.

அத்தான் எழுந்தார். நான் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். குழாய் எடுத்துக் கொடுக்க ஞானதாசன் இல்லாததால், அவர் விரலை நானே பெட்ரோல் மூடிமேல் வைத்தேன். திருகித் திறந்தார். கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். குனிந்து முகர்ந்து பார்த்தார். மூடினார். மூடிய பிறகு, இறுகியிருக்கிறதா என்று இன்னொரு தடவை திருகிப் பார்த்தார்.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கிண்ணம் களி கொடுத்தேன்.

வண்டி ஒன்று. பேனாவால் எழுதியிருக்கிறேன்.