அப்டேட்டை அழுத்தியவன்

மச்சான், இன்று காலையும் அந்த அறிவிப்பு வந்தது: அப்டேட் தயார், நிறுவலாமா? மடிக்கணினியின் விசிறி இரைந்துகொண்டிருந்தது. அடிப்பக்கம் தொடையைச் சுட்டது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அறிவிப்பு அப்படியே நின்றது. மூடினேன், திறந்தேன், திரை கறுத்துக் கிடந்தது. பட்டனை அழுத்திப் பிடித்து மறுபடி உயிர் கொடுத்தேன். எல்லாம் விண்டோஸுக்குப் பதிலாக நீ போட்டுக் கொடுத்த லினக்ஸ்.

விண்டோஸ் நகரவே மாட்டேன் என்றபோது இந்தக் கணினியையே தூக்கி எறிய இருந்தேன். நீ கடலூரிலிருந்து பஸ் ஏறி சிதம்பரம் வந்தாய், சட்டைப் பையில் ஒரு பென்டிரைவோடு. "இதப் போயி ஏன்டா தூக்கிப் போடற? நான் போட்டுத் தரேன், பறக்கும் பாரு" என்றாய். பறக்கத்தான் செய்தது. ஆனால் வைஃபை அறுந்து அறுந்து போகும். பிரிண்டர் ஒரு நாள் அச்சடித்தால் இரண்டு நாள் முரண்டு பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் உன்னைத்தான் அழைப்பேன். மஞ்சக்குப்பத்தில் உன் ஜெராக்ஸ் கடையில் ஆட்கள் நிற்கும் சத்தம் கேட்கும். "இருடா, ரெண்டு காப்பி எடுத்துக் குடுத்துட்டு வரேன், போன வைக்காத" என்பாய். வைத்துவிட்டு மறுபடி அழைப்பேன். எனக்கு எப்போது பொறுமை இருந்தது?

வேலை போய் வீட்டில் கிடந்த காலம். சென்னை நிறுவனம் ஒன்று வீடியோவில் நேர்காணல் வைத்தது. முந்தின நாள் போனிலேயே எல்லாவற்றையும் சோதிக்க வைத்தாய். "எல்லாம் சரியா இருக்கு. நாளைக்கு முடியற வரைக்கும் அப்டேட் மட்டும் குடுத்துடாத" என்றாய். மறுநாள் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அறிவிப்பு வந்தது, அழுத்திவிட்டேன். ஏன் என்று இன்றும் தெரியவில்லை. கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

திரையில் மூன்று பேர். நான் பேசப் பேச அவர்கள் காதைத் தொட்டுக் காட்டினார்கள்; அப்டேட்டில் மைக் போயிருந்தது. கைப்பேசியிலிருந்து இணைவதற்குள், பிறகு சொல்கிறோம் என்று முடித்துக்கொண்டார்கள். அந்தப் பிறகு வரவேயில்லை.

உடனே உன்னை அழைத்தேன். "உன் லினக்ஸால என் பொழப்பே போச்சுடா. இனிமே என் வீட்டுப் பக்கம் வராத" என்று கத்தினேன். அப்டேட் கொடுத்ததை மட்டும் சொல்லவில்லை. மறுநாளே வந்துவிட்டாய். நான் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. இரண்டு மணி நேரம் திரையில் எதையோ வரி வரியாகப் படித்தாயாம். மைக் சரியாகவில்லை. போகும்போது என் மனைவியிடம், "நான் பாத்துக்கறேன்னு அவன்கிட்ட சொல்லும்மா" என்றாயாம்.

ஒரு மாதம் நான் அழைக்கவில்லை. பிறகு உன் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை.

போன வாரம் மைக் கோளாறைப் பற்றி இணையத்தில் தேடினேன். லினக்ஸ்காரர்கள் சந்தேகம் கேட்கும் பக்கம் ஒன்றில் என் கணினியின் மாடலைச் சொல்லி ஒரு கேள்வி. மேலே உன் பெயர். கேட்டவன் நீ. உனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதியிருந்தாய்: நேர்காணலுக்கு ஒரு மணி நேரம் முன்பு அப்டேட் ஆகியிருக்கிறது, நண்பனுக்குக் கிடைக்கவிருந்த வேலை போய்விட்டது, தானாக அப்டேட் ஆகாதபடி நான் நிறுத்தி வைத்திருக்க வேண்டும், தவறு என்னுடையது.

அன்று நீ வரி வரியாகப் படித்தது கணினி தானே எழுதி வைக்கும் பதிவுகளை; நேரம் வரைக்கும் பார்த்திருக்கிறாய். அழுத்தியது யார் என்று உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

நீ போன பிறகுதான் பதில் வந்திருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் ஒற்றை வரிக் கட்டளை கொடுத்திருந்தார். அதை அப்படியே அடித்தேன். மைக் வேலை செய்தது. அவர் உன்னிடம் இன்னொன்றும் கேட்டிருந்தார்: உங்கள் நண்பருக்கு வேறு வேலை கிடைத்ததா?

அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக நாட்கள் போயின. இன்று எழுதிவிட்டேன்: "நான்தான் அந்த நண்பன். வேலை இன்னும் தேடுகிறேன். உங்கள் பதில் சரியானது. கேட்டவர் இப்போது இல்லை. தவறு அவருடையதல்ல. அவர் வேண்டாம் என்று சொல்லியும் அப்டேட்டை அழுத்தியவன் நான்."

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை ஊர் பேர் தெரியாத ஒருவரிடம் சொன்னேன், மச்சான். சொல்லியும் மனசு அடங்கவில்லை.