உன் அப்பாவின் துப்பாக்கியும் என் இடது கண்ணும்

அன்புள்ள ஃபின்டன்,

திருடனுக்குப் பயந்து நான் துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்று உன் அத்தை ஃபிலோமினா உனக்குத் தொலைபேசியில் சொன்னது உண்மையல்ல. "இந்த வயசுல இவளுக்கு எதுக்குத் துப்பாக்கி, தன் கால்லயே சுட்டுக்கப் போறா" என்று மாதாகோவில் வாசலில் அவள் சொல்வதும் என் காதுக்கு வந்தது. இறைவன் அருளால் முழங்காலைத் தவிர எல்லாம் நலம், புத்தியும் சேர்த்து. உலகத்தின் மறுகோடியில், வெலிங்டனில், நீயும் மருமகள் மேவும் சுகமாயிருக்கத் தினமும் திருப்பலியில் வேண்டிக்கொள்கிறேன். அங்கே இப்போது குளிர் என்கிறார்கள், கம்பளி உள்சட்டை இல்லாமல் வெளியே போகாதே.

நடந்தது இதுதான். வசந்தத்தில் வேட்டைச் சங்கத்தார் திடலில் களிமண் தட்டை வானில் எறிந்து துப்பாக்கியால் சுடும் நாளில் வழக்கம்போல் நான்தான் தேநீர் ஊற்றினேன். உன் அப்பா சுடுவதை இத்தனை வருஷம் பார்த்தவள், எனக்கும் ஒரு முறை கொடுங்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். ஒரு தட்டுகூட உடையவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, ஆனால் நேராகக் குறி வைத்தும் ஏன் உடையவில்லை என்ற கேள்வி மட்டும் என்னை விடவே இல்லை.

கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று டியர்னியின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். உன் அப்பாவின் சவ அடக்கத்துக்குப் பிறகு அவர் துப்பாக்கி டியர்னியிடம்தானே இருக்கிறது, அதற்கே என் பெயரில் உரிமம் எடுத்துவிடலாம் என்பதும் என் எண்ணம். அவர் இரண்டு கண்ணையும் திறந்தபடி எதிரே இருக்கும் கோபுரக் கடிகாரத்தை விரலால் காட்டச் சொன்னார், பிறகு இடது கண்ணை மட்டும் மூடச் சொன்னார். விரல் கடிகாரத்தை விட்டு விலகி நின்றது. "மிசஸ் டெலனி, உங்களுக்கு இடது கண்ணுதான் எஜமான். வலது தோள்ல வச்சுச் சுட்டா ஆயுசுக்கும் தட்டுக்குப் பக்கத்துல இருக்கற காத்தைத்தான் சுடுவீங்க" என்றார். எந்தக் கையால் எழுதுவீர்கள் என்று கேட்டார். வலது கை, ஆனால் சிறுவயதில் இடது, கான்வென்ட்டில் சிஸ்டர் அல்ஃபோன்சஸ் திருத்திவிட்டார் என்றேன். "கையைத் திருத்தினவங்க கண்ணை மறந்துட்டாங்க போல" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு திடலில் சங்கத்துத் துப்பாக்கியை இடது தோளில் வைத்துச் சுட்டேன். தட்டு கரும்புகையாய்ச் சிதறியது.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். அப்பாவின் துப்பாக்கியில் தோளில் பதிக்கும் மரக்கட்டை வலது கன்னத்துக்கென்று வளைத்தது, எனக்கு நீளமும் அதிகம். சூடேற்றி இடது பக்கம் வளைக்கலாமாம், ஆனால் அதன்பின் உன் தோளுக்கு அது பொருந்தாது. மலிவான புதியவை எடை குறைவு, சதுப்பில் தூக்கி நடக்கச் சுகம், ஆனால் நாள் முழுக்கத் தட்டு சுட்டால் பின்னுதைத்துத் தோளைப் பெயர்த்துவிடும். ஆத்லோன் ஊர்ப் பல் மருத்துவர் ஒருவர் விற்ற பழையது ஒன்று கடையில் இருக்கிறது. இரண்டு குழல் ஒன்றின்மேல் ஒன்று, எடை அளவாக, சிறுகுண்டுகள் பரவும் அகலத்தை மாற்றக் குழல் வாயில் திருகும் வளையங்கள்: தூரத்துத் தட்டுக்கு ஒன்று, காலடியில் எழும் ஃபெசன்ட் பறவைக்கு ஒன்று. அந்த மருத்துவரும் இடது கைக்காரர், அதனால் வாங்க ஆளில்லாமல் விலை குறைந்து கிடக்கிறது. தோளில் வைத்தேன், எனக்கென்றே செய்தது போல் வந்து உட்கார்ந்தது. குறைந்த விலையும் என் ஓய்வூதியத்துக்கு எட்டாது. அப்பாவின் துப்பாக்கியைக் கொடுத்தால் ஈடாகத் தருகிறேன் என்கிறார் டியர்னி.

ஆனால் அது என்னுடையதல்ல. "துப்பாக்கி பையனுக்கு" என்று அப்பா மருத்துவமனையில் சொன்னதை நான் கேட்டேன். பையன் திரும்பி வருவானா என்று டியர்னி கேட்டார். தெரியாது என்றேன். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இங்கே வந்து வேட்டைக்குப் போகும் எண்ணம் உனக்கு இருந்தால் அது உனக்காக அங்கேயே இருக்கட்டும், நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். இல்லையென்றால் இல்லை என்று சொல், அதற்கும் வருந்தமாட்டேன். நவம்பரில் வேட்டைக்காலம் தொடங்குகிறது, செப்டம்பர் முடியும்வரைதான் டியர்னி அந்தப் பழையதை எனக்காக எடுத்து வைத்திருப்பார்.

தேவமாதா உங்கள் இருவரையும் காப்பாராக. மேவிடம் என் அன்பைச் சொல். தொலைபேசியில் நீ என்னைச் சமாதானப்படுத்தத்தான் பேசுவாய், ஆகவே கூப்பிடாதே. தயவுசெய்து பதிலைக் காகிதத்தில் எழுதி அனுப்பு.

உன் அம்மா,
ஹொனோரா டெலனி