பூஜ்ஜியத்தில் நின்ற குமிழ்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று போனில் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது, கை எழுத மறுக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது குட்டிம்மா. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து வாரம் ஆகியும் வலது கை வைத்த இடத்திலேயே கிடக்கிறது. பிசியோதெரபி பெண் ஒரு சின்ன மெஷினைக் கொடுத்து, முன்கையில ரெண்டு பட்டை ஒட்டி விரல் அசையுற வரைக்கும் குமிழைத் திருப்புங்க, தினம் காலையில அரை மணி நேரம், இதுக்குப் பேரு நரம்புத் தூண்டல் என்றாள். நம் வீட்டில் தூண்டிவிடுவது என்றால் உன் அத்தை வந்து சண்டை மூட்டுவதுதானே, அதைச் சொன்னதும் அம்மாவுக்கே கோணிய வாயில் சிரிப்பு வந்துவிட்டது. கரண்ட் லேசாத் தட்டி எழுப்பினா, கையை அசைக்கிறது மூளைக்கு மறுபடியும் பழகும், முதல் மூணு மாசம் ரொம்ப முக்கியம் என்று அந்தப் பெண் விளக்கினாள். நாற்பது வருஷம் வயரிங் வேலை பார்த்தவன் நான், கூட வேலை பார்த்தவன் கம்பியைப் பிடித்தபடி விறைத்து நின்றதை இந்தக் கண்ணால் பார்த்தவன். வெறும் பேட்டரிதாங்க என்று அவள் நூறு தடவை சொன்னாலும், உன் அம்மா கையில் நான் கரண்ட் விடுவதா? பட்டையை ஒட்டுவேன், சுவிட்சைப் போடுவேன், பச்சை விளக்கு எரியும், குமிழை மட்டும் பூஜ்ஜியத்திலேயே விட்டுவிடுவேன். ஒன்பது நாள் இப்படி எல்லாரையும் ஏமாற்றினேன்.

நேற்று அந்தப் பெண் வந்து, போடுங்க பார்ப்போம் என்றாள். பூஜ்ஜியத்தில் நின்ற குமிழை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் ஆள்காட்டி விரல் எழுந்தது. விழுந்து, மறுபடியும் எழுந்தது. பாத்தீங்களா, மெஷின் வேலை செய்யுது என்று அவள் கைதட்டிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு அம்மா குழறிக் குழறிச் சொன்னாள், ஒருநாள்கூட சுருக்குனு இல்லை, எனக்குத் தெரியாதா, அவ உங்களைத் திட்டிடுவாளேன்னுதான் தூக்கினேன் என்று. சந்தோஷப்படக்கூட முடியவில்லை குட்டிம்மா. அந்த ஒன்பது நாளில் இன்னும் எத்தனை விரல் எழுந்திருக்குமோ, பாவி நான் கெடுத்துவிட்டேனே என்று ராத்திரி முழுக்க எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை முதலில் என் கையில் பட்டையை ஒட்டித் திருப்பிப் பார்த்தேன், விரல் துள்ளியது, உயிரோடுதான் இருக்கிறேன். பிறகு அவள் கையில் ஒட்டினேன். குமிழை ஒன்று, இரண்டு, மூன்று என்று நகர்த்தினேன். நாலு விரலும் எழுந்தன. வலிக்குதா வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு ஒண்ணுமில்லை, உங்க கைதான் நடுங்குது என்றாள்.

வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் குறையில்லாமல் வாழ வேண்டும். தினமும் இங்கே காலை பத்து மணிக்குப் போன் போடு. எதுவும் பேச வேண்டாம், நான் குமிழைத் திருப்பி முடிக்கும்வரை லைனில் இரு, போதும்.

உன் அப்பா