வெள்ளைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு, ஹெஸ்டர் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

உங்கள் மருமகன் ஆமோஸை இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்துவிட்டோம், கவலைப்படாதீர்கள். முதலில் தேவாலயப் பொறுப்பாளர் இடம் தர மறுத்தார். "கூலிக்கு வந்தவன். வண்டியிலேருந்து விழுந்து செத்த இடமும் ஓக் மரத்துக்கு அந்தப் பக்கம். ஊர் எல்லைக்குள்ள செத்தாத்தான் இங்க இடம். நம்ம எல்லை மரத்தோட சரி. ஏழு மைல் தள்ளி இருக்கற அடுத்த ஊர்லயே புதைச்சுக்கோ" என்றார்.

அப்போது வேலி கட்டும் கிழவர் ஜேபஸ் தொப்பியைக் கழற்றி வழுக்கையைக் காட்டினார். "எல்லை மரமில்லய்யா, அதுக்கும் அப்பால இருக்கற வெள்ளைக்கல்லு. ஆமோஸ் விழுந்தது கல்லுக்கு இந்தப் பக்கந்தான். ஏழு வயசுல, ஊரே எல்லை சுத்தப் போனப்ப, மறக்கக்கூடாதுன்னு என்னைத் தலைகீழாத் தூக்கி அந்தக் கல்லுலதான் இடிச்சாங்க. இடிச்சது உங்க அப்பாரு!"

பக்கத்தில் நின்ற பாதிரியாரே சிரித்துவிட்டார். உடனே குழி தோண்டவும் சொல்லிவிட்டார்.

இப்போது தொழுவத்து வாசலில் நின்றாலே ஆமோஸின் குழிமேடு தெரிகிறது. மனம் கொஞ்சம் ஆறியிருக்கிறது.

அவருடைய பழைய கம்பளிச் சட்டை அங்கே கிடக்குமே, அனுப்புங்கள். இங்கே குளிர் அதிகம். துவைக்க வேண்டாம்.

தபால் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்
ஹெஸ்டர்