வெள்ளைக் கோட்டுக்கு ஒரு ஜெபம்

கஞ்சி போட்ட வெள்ளைத் துணியில் தண்ணீர் தெளித்து, சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் ஒரு வாசனை எழும்புமே, உனக்குத் தெரியும். இன்று காலை அந்த வாசனை வந்ததும் நான் உன் பக்கம் திரும்பிவிட்டேன். நீ நிற்கும் இடத்தில் துணிமூட்டைதான் கிடந்தது. ஆனால் இன்று அதைப் பார்த்து அழவில்லையடி! நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது. எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதே. நானும் உன்னை மாதிரி அஞ்சாவதோடு நின்றவள்தானே.

உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு நான் இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்த வாரமே, மாரெட்பள்ளியில் இந்த அடுக்குமாடி வீட்டின் மாடிப்படிக்குக் கீழே, உன் இஸ்திரி மேசைக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றேன். முதல் நாளே உன்னைப் பார்த்துப் பயந்தேன். சட்டையை விரித்துப் போட்டு நீ அதனிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். தோளில் பெட்டி போகும்போது, "ஆண்டவரே, இந்தத் தோளுக்குப் பாரம் கூடாம பாத்துக்கும்." கழுத்துப்பட்டியில் போகும்போது, "இந்தத் தலை யார் முன்னாலயும் குனிய வேணாம்." சட்டைக்காரர் யார், என்ன சாமி கும்பிடுகிறவர் என்றெல்லாம் நீ பார்க்கவில்லை. மேசைக்கு வந்த துணிக்கெல்லாம் ஜெபம்தான்.

"என்னடி, சட்டைக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுக்குறியா?" என்று கேட்டேன்.

"உங்க வாய்க்குத்தான் அண்ணி முதல்ல குடுக்கணும்" என்றாய்.

எனக்கு அப்போது ஜெபம் என்றால் சபையில் முக்காடு போட்டு, முழங்கால் போட்டு, கண்ணை இறுக்கி மூடிச் செய்வது. கரியும் வியர்வையுமாக நிற்கிற இடத்தில் ஆண்டவருக்கு என்ன வேலை என்று நினைத்தேன். "ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து பாக்க அவர் என்ன விருந்தாளியா?" என்று நீதான் கேட்டாய்.

அப்புறம் ஒருநாள் நானும் செய்து பார்த்தேனே, ஞாபகம் இருக்கிறதா! பேகம்பேட்டில் வேலை பார்க்கும் மூன்றாம் மாடி சாரின் நீலச் சட்டை. பெட்டியைத் தோளில் வைத்தேன். பழக்கதோஷம், கண்ணை மூடிவிட்டேன். ஜெபம் ஆறாக ஓடியது. தீய்ந்த நாற்றம் வந்து கண்ணைத் திறந்தால், சட்டையில் பெட்டியின் அச்சு அப்படியே ஓட்டையாக!

நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். "அண்ணி, நீங்க கண்ண மூடுனது ஆண்டவருக்குத் தெரியும். இஸ்திரிப் பெட்டிக்குத் தெரியுமா? நம்ம ஜெபம் கண்ணைத் தொறந்துகிட்டுச் செய்யிறது."

இரண்டு பேரும் சட்டையோடு மேலே போனோம். நான் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டேன். அந்த சார் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து, "நக்கோ அம்மா, இவ்வளவு சூடான ஜெபம் எனக்கு நக்கோ!" என்று, வேண்டாமென்பதை இந்த ஊர்ப் பேச்சில் சொல்லிச் சிரித்தார். இறங்கும்போது படிக்குப் படி நின்று சிரித்தோம்.

அதே நான்தான், நீ காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் மறுபடியும் கண்ணை மூடி முழங்கால் போட்டேன். உன்னைத் திருப்பிக் கொடு என்பதைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. நீ போய்விட்டாய். அதோடு எனக்கு வாய் அடைத்துவிட்டது. மூன்று மாதம் சபைக்குப் போகவில்லை. துணி வந்தது, தேய்த்தேன், மடித்தேன். ஒரு சட்டைக்குக்கூட ஒரு சொல் வரவில்லை. இனி வரவே வராதென்று பயந்து போயிருந்தேன்.

இன்று காலை இரண்டாம் மாடிப் பெண் ஓடி வந்தாள். பாலாநகர் தொழிற்சாலைக்குப் போகிறாரே, அந்தத் தமிழ்க்காரரின் மகள். நர்ஸ் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். நெற்றியில் குங்குமம், கையில் கசங்கிய வெள்ளைக் கோட்டு.

"ஆன்ட்டி, இன்னிக்குத்தான் ஃபர்ஸ்ட் டைம் வார்டுக்குப் போறேன். பயமா இருக்கு. அந்த ஆன்ட்டி எக்ஸாம் அப்போ என் ஸ்கூல் யூனிஃபார்ம்கிட்ட பேசுவாங்கல்ல? நீங்க பேசுங்க."

"எனக்கு வராதும்மா."

"நக்கோ ஆன்ட்டி, அப்படிச் சொல்லாதீங்க. பேசாம தேச்சா நான் போட்டுக்க மாட்டேன்!"

கோட்டை விரித்தேன். தண்ணீர் தெளித்தேன். வாசனை எழும்பியது. உன் கட்டிலருகே வெள்ளை உடுப்பில் ஒரு பெண் நின்று, உன் சிக்கு விழுந்த தலையைப் பொறுமையாக வாரிவிட்டாளே, அது கண் முன்னால் வந்தது. அவள் போனதும், "அண்ணி, இவ உடுப்ப எவளோ நல்லா ஜெபிச்சுத் தேச்சிருக்கா" என்றாய். அன்று நான் அதைக் காதில் வாங்கவில்லை. உன்னைத் திருப்பிக் கேட்பதிலேயே இருந்தேன். நான் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் ஆண்டவர் வராமலும் இல்லையடி! சீப்போடு வந்து உன் தலைமாட்டில் நின்றிருக்கிறார். நான்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

பெட்டி தோளுக்குப் போனது. வாய் திறந்துகொண்டது. "ஆண்டவரே, இந்தத் தோளு நடுங்காம பாத்துக்கும். இந்தக் கை ஊசி போட்டா நோகக் கூடாது. இந்தப் பையில பேனாவோட கொஞ்சம் பொறுமையும் இருக்கட்டும்."

"ஹவ் ஆன்ட்டி, ஆமா, இதுதான்!" என்று அவள் குதித்தாள். சூடு ஆறுமுன்னே கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

அதன்பிறகு எனக்கு நிற்கத் தெரியவில்லை. மதியத்துக்குள் மூட்டை முழுக்க ஜெபித்துத் தேய்த்துவிட்டேன். திரைச்சீலை, தலையணை உறை, நாலாம் மாடித் தாத்தாவின் லுங்கி, ஒன்றையும் விடவில்லை.

மூட்டைக்கு அடியில் உன் வெள்ளைச் சேலை இருந்தது. சபைக்கு நீ கட்டுவாயே, அது. உடுத்த ஆளில்லாத துணிக்கு என்னவென்று ஜெபிப்பது என்று மூன்று மாதமாகத் தொடாமல் வைத்திருந்தேன். இன்று விரித்தேன். ஞாயிற்றுக்கிழமை நான்தான் அதைக் கட்டிக்கொண்டு போகப் போகிறேன். முந்தானை தோளில் விழுகிற இடத்துக்குப் பெட்டி வந்தபோது, "இந்தத் தோளுக்குப் பாரம் கூடாம பாத்துக்கும்" என்றேன்.

கண்ணீர் விழுந்து சுர்ரென்று ஆவி போனது. ஆனாலும் கண்ணை மூடவில்லை. வந்து பார், சேலையில் தீய்ந்த கறை ஒன்றுகூடக் கிடையாது.